அமெரிக்காவில் படிக்கும்போது மருத்துவ விடுப்பு: விலகும் தேதியும் பணக் கணக்கும்

செமஸ்டர் நடுவே உடம்பு படுத்தினால் பலரும் முதலில் செய்வது, மாணவர் தளத்தில் போய் எல்லாப் பாடங்களையும் டிராப் செய்வதுதான். அதைக் கடைசியில் செய்யுங்கள். பதிவாளர், நிதியுதவி அலுவலகம், பன்னாட்டு மாணவர் அலுவலகம், காப்பீட்டு நிறுவனம், கடன் கொடுத்தவர் என்று ஒவ்வொருவரும் வேறொரு தேதியைப் பார்ப்பார்கள். ஒரு வாரம் முன்பின் ஆனாலே ஆயிரக்கணக்கான டாலர் கூடவோ குறையவோ செய்யும்.

அதற்கும் முன்னால் ஒரு கையெழுத்து. பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால், ஃபெர்பா என்ற மாணவர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, அவர் எழுத்தில் சம்மதம் தராமல் பெற்றோரிடம் பொதுவாகப் பாக்கித் தொகையைக்கூடச் சொல்ல மாட்டார்கள். கட்டணம் கட்டுகிற அப்பாவுக்கும் இதுதான் கதி. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே அந்த ஒப்புதல் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டால், மீதி அலைச்சலை வீட்டார் பார்த்துக்கொள்ளலாம்.

60 சதவீதக் கணக்கு

பல்கலைக்கழகம் கட்டணத்தைத் திருப்பித் தருவது ஒரு கணக்கு. அமெரிக்க மத்திய அரசின் நிதியுதவியைத் திருப்பி அனுப்புவது வேறு கணக்கு. இரண்டும் ஒன்றென்று நினைப்பதால்தான் எதிர்பாராத பில் வருகிறது.

பல்கலைக்கழக ரீஃபண்ட் வாரத்துக்கு வாரம் குறைந்து, பல இடங்களில் செமஸ்டரின் பாதிக்கு முன்பே பூஜ்யமாகிவிடும். அரசு உதவியோ நாள் கணக்கு. செமஸ்டரின் 60 சதவீத நாட்களைத் தாண்டிய பிறகு விலகினால் முழு உதவியும் உங்களுடையது. அதற்கு முன் என்றால், இருந்த நாட்களுக்கு உரிய பங்கு மட்டுமே. தொடர்ந்து 5 நாளோ அதற்கு மேலோ வரும் விடுமுறை கணக்கில் சேராது.

செமஸ்டர் 109 நாள், நடுவே 9 நாள் விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு 100 நாள். கட்டணம் 10,000 டாலர். அதில் 6,000 அரசுக் கடன், 4,000 கைப்பணம். 40-ஆம் நாள் விலகினால் கடனில் 40 சதவீதம், அதாவது 2,400 டாலர்தான் உங்களுக்கு உரியது. மீதி 3,600-ஐப் பல்கலைக்கழகம் 45 நாட்களுக்குள் அரசுக்குத் திருப்பி அனுப்பும். அதற்குள் ரீஃபண்ட் காலம் முடிந்திருந்தால் அதே 3,600 உங்கள் பெயரில் பாக்கியாக வந்து நிற்கும். கடன் குறைந்தது உண்மைதான். ஆனால் பல வருஷத்தில் அடைக்க வேண்டியதை இப்போதே கட்டச் சொல்கிறார்கள். கட்டாவிட்டால் பதிவுக்குத் தடை, பிறகு வசூல் ஏஜென்சி. 61-ஆம் நாள் விலகியிருந்தால் இந்தப் பில்லே இல்லை.

ஆகவே 60 சதவீத நாள் எது என்று நிதியுதவி அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவு கட்டாயம் இல்லாத கல்லூரிகளில், விலகும் எண்ணத்தை நீங்கள் அலுவலகத்துக்குத் தெரிவித்த நாளே பெரும்பாலும் விலகிய நாள். "விலகலாமா என்று யோசிக்கிறேன்" என்று கேட்பதும் "விலகுகிறேன்" என்று எழுதுவதும் ஒன்றல்ல. சொற்களைப் பார்த்துப் போடுங்கள். செமஸ்டர் முடியப் போகிற நேரமென்றால் விலகாமல், பாடம் பாக்கி என்று குறிக்கும் 'இன்கம்ப்ளீட்' கேட்பது மேல். மீதித் தேர்வைப் பிறகு எழுதலாம், அந்தப் பாடத்துக்கு மறுபடி பணம் கட்டத் தேவையில்லை. இதற்காக உடம்பைக் கெடுத்துக்கொண்டு இழுத்துப் பிடிக்க வேண்டாம். பாக்கி விழுந்தாலும், மருத்துவக் காரணம் காட்டிக் கட்டணத் தள்ளுபடி மனு போட அநேக இடங்களில் வழி உண்டு.

அந்த மனுவுக்கு மருத்துவர் கடிதம் வேண்டும். எந்தத் தேதியிலிருந்து படிக்க முடியாத நிலை, எவ்வளவு காலம் ஓய்வு என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்கட்டும். 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதிய கடிதம் திரும்பி வந்துவிடும். நோயின் முழு விவரம் பெரும்பாலும் தேவைப்படாது.

கடன் தவணை எப்போது தொடங்கும்

பல்கலைக்கழகம் 'விடுப்பு' என்று சொன்னாலும், செமஸ்டர் முறையில் நடக்கும் படிப்புகளில் அரசுக் கடனுக்கு அது பெரும்பாலும் 'விலகல்'தான். விலகிய நாளிலிருந்து, தவணை கட்டத் தேவையில்லாத 6 மாதச் சலுகைக் காலம் ஓடும். அதற்குள் அரைநேர மாணவராகவாவது திரும்பிவிட்டால் 6 மாதமும் முழுசாக மீளும். தாண்டிவிட்டால் அந்தச் சலுகை தீர்ந்தது. திரும்பிய பின் தவணை நிற்கும்; ஆனால் பட்டம் வாங்கியதும் அவகாசமே இல்லாமல் பில் வரும்.

அக்டோபரில் போய் ஜனவரியில் வருகிறவருக்குக் கவலையில்லை. பிப்ரவரி 10 போய் ஆகஸ்ட் 25 வருகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். இரண்டு வாரத் தாமதத்தால் 6 மாதச் சலுகையும் போய்விடும். அப்படியானால், தவணை தொடங்கும் முன்பே கடன் நிர்வாக நிறுவனத்தை அழைத்து, வருமானத்தைப் பொறுத்த தவணையோ தற்காலிக நிறுத்தமோ கேளுங்கள். மானியமில்லாக் கடனில் வட்டி எப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். தனியார் கடனில் இந்த விதி எதுவும் செல்லாது, ஒப்பந்தத்தில் உள்ளதுதான்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள்

இங்கே வரிசை தப்பினால் பணத்தோடு விசா நிலையும் போகும். பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் விசா அதிகாரி (டிஎஸ்ஓ) தரும் ஒப்புதல், அரசின் மாணவர் விசாப் பதிவேடான செவிஸில் ஏறிய பிறகுதான் பாடத்தைக் கைவிடலாம்.

அமெரிக்காவிலேயே சிகிச்சை என்றால், மருத்துவக் காரணத்தால் பாடச்சுமை குறைப்பு கேட்கலாம். ஒரு பாடமும் எடுக்காமல்கூட இருக்கலாம். ஒரு பட்ட நிலைக்கு மொத்தம் 12 மாதம்தான். ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒப்புதலைப் புதுப்பிக்க வேண்டும். கடிதம் தருபவர் உரிமம் பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ ஆக இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்புவதானால் அனுமதி பெற்ற விலகல். அதன் பிறகு கிளம்ப 15 நாள் உண்டு. 5 மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் புது ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் சேர்க்கைச் சான்று), மறுபடி 350 டாலர் செவிஸ் கட்டணம் என்று செலவு கூடும்.

இந்திய வங்கிக் கல்விக் கடன் இருந்தால் கிளைக்கு உடனே எழுதுங்கள். அவர்கள் தவணை தொடங்கும் நாளை, கடன் அனுமதிக் கடிதத்தில் உள்ள படிப்பு முடியும் தேதியை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் படிப்பு முடிக்க 2 ஆண்டு வரை நீட்டிப்புக்கு இடமுண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். விடுப்புக் கடிதமும் புதிய ஐ-20-யும் இணையுங்கள். அடுத்த செமஸ்டர் தொகையை விடுவிக்க வேண்டாம் என்றும் அதிலேயே எழுதுங்கள். ரீஃபண்ட் வந்தால் கடன் கணக்கிலேயே போட்டுவிடுங்கள். கையில் வைத்திருந்தால் அதற்கும் சேர்த்து வட்டி கட்டுவீர்கள்.

காப்பீடு, வாடகை

பல மாணவர் காப்பீடுகளில் முதல் 31 நாள் வகுப்பில் இருந்தாக வேண்டும். அதற்குள் விலகினால் காப்பீடு தொடக்க நாளிலிருந்தே ரத்தாகி, பிரீமியம் திரும்பி வரும். நடுவில் பார்த்த வைத்தியத்தின் பில் முழுக்க உங்கள் தலையில். மருத்துவ விடுப்புக்கு விலக்கு உண்டா என்று பாலிசியில் பாருங்கள். காப்பீடு போய்விட்டால், 26 வயதுக்குள் இருப்பவர் பெற்றோரின் பாலிசியில் சேரலாம். இல்லையென்றால் அரசின் காப்பீட்டுச் சந்தைத் தளத்தில் (மார்க்கெட்பிளேஸ்) வாங்க 60 நாள் அவகாசம்.

விடுதி, சாப்பாட்டுத் திட்டம் இரண்டிலும் காலி செய்த நாளை வைத்துத்தான் கழிவு. சாவியை ஒப்படைத்த ரசீதை வாங்குங்கள். வெளி வீட்டு ஒப்பந்தம் நோயைப் பார்த்து நிற்காது. உள்வாடகைக்கு ஆள் தேடுவதே பெரும்பாலும் ஒரே வழி. 529 என்ற வரிச்சலுகைக் கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டிய கட்டணம் திரும்பி வந்தால் 60 நாளுக்குள் அதே கணக்கில் திருப்பிப் போட்டால் வரி விழாது.

திரும்பும் முன்

மறுசேர்க்கை மனுவின் கடைசித் தேதி, செமஸ்டர் தொடங்குவதற்குப் பல வாரம் முன்பே வந்துவிடும். பாக்கி இருந்தால் பதிவு திறக்காது. அரசு உதவி பெறுகிறவர்கள் விடுப்பில் இருக்கும்போதே அடுத்த ஆண்டுக்கான ஃபாஃப்ஸா என்ற அரசு உதவி விண்ணப்பப் படிவத்தைப் போடவும். விலகியதால் மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' என்று விழுந்த பாடங்கள் எடுத்து முடிக்காத பாடங்களாக எண்ணப்படும். பொதுவாக எடுத்ததில் 67 சதவீதத்துக்குக் கீழே முடித்திருந்தால் உதவி நின்றுவிடும். நோய் அதற்கு ஏற்கத்தக்க காரணம். பழைய மருத்துவர் கடிதத்தோடு, இப்போது படிக்கத் தகுதி உண்டு என்ற புதுக் கடிதத்தையும் சேர்த்து மேல்முறையீடு செய்யுங்கள்.