நுரைச் சரக்கு வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில், வீட்டில் பாத்திரம் கழுவும் திரவம் செய்து சுன்னாகம், திருநெல்வேலிப் பக்கக் கடைகளுக்குப் போடுகிறவர்கள் பலர் டிரம் விலையை மட்டும்தான் பார்க்கிறார்கள். அது போதாது.

முதலில் சரக்கின் பலத்தைப் பாருங்கள். திரவத்துக்கு நுரையும் கழுவும் சக்தியும் கொடுக்கும் எஸ்.எல்.ஈ.எஸ். (SLES) என்ற சரக்கு 70 வீதப் பசையாகவும் வரும், 28 வீதத் திரவமாகவும் வரும். உதாரணத்துக்கு, பசை கிலோ 840 ரூபாய், திரவம் கிலோ 364 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் அசல் சரக்கு ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று பார்க்க, 840ஐ 0.70ஆல் பிரித்தால் 1,200, 364ஐ 0.28ஆல் பிரித்தால் 1,300. மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூட! அதோடு, திரவம் வாங்கினால் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தண்ணீரைத்தான் லொறியில் ஏற்றி வருகிறீர்கள். ஐதான சரக்கில் கிருமி பிடிக்கும் பயமும் அதிகம், எனவே சேமித்து வைப்பதென்றால் பசையையே வையுங்கள், மூடியை இறுக்கி, மேற்பரப்பு காய்ந்து ஆடை படியாமல்.

அடுத்தது, விலையை எது அசைக்கிறது என்பது. எஸ்.எல்.ஈ.எஸ்.ஸின் எடையில் கிட்டத்தட்ட பாதி கொழுப்பு அல்ககோல், பெரும்பாலும் பாம் விதைப்பருப்பு எண்ணெயிலிருந்து வருவது. இன்னொரு கால்வாசிக்குக் கிட்ட எதிலீன் ஒக்சைட், அது பெற்றோலியத்தின் பிள்ளை. லேப்சா (LABSA) என்ற இன்னொரு நுரைச் சரக்கோ பென்சீன், மண்ணெண்ணெய்ப் பகுதி, கந்தகம் என்று கச்சா எண்ணெய்ப் பக்கமே நிற்கும். எல்லாமே டொலரில் வருகிறது. 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாம் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியது, அதே நேரத்தில் இங்கே மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. இரண்டு அடியும் ஒன்றாக விழுந்த காலம் அது. ஆகவே மலேசிய பாம் எண்ணெய் விலை, கச்சா எண்ணெய், மத்திய வங்கியின் டொலர் விலை, இந்த மூன்றையும் வாரம் ஒருமுறை கொப்பியில் எழுதுங்கள். உலகச் சந்தையில் ஏறியது கப்பலில் வந்து சேர நாளெடுக்கும், பழைய இருப்பு தீருமுன் வாங்க அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

சரி, எஸ்.எல்.ஈ.எஸ். ஏறினால் லேப்சாவைக் கூட்டலாம்தானே என்று தோன்றும். நானும் அப்படிச் செய்தேன். கிணற்றுத் தண்ணீரில் கலந்த வாளி அடுத்த நாள் காலையில் பால்போலக் கலங்கிக் கிடந்தது, நுரையும் எழும்பவில்லை. எங்கள் மண்ணின் அடியில் சுண்ணாம்புக்கல், தண்ணீர் வன்தண்ணீர். அதிலுள்ள கல்சியம் லேப்சாவைப் பிடித்துவிடும், எஸ்.எல்.ஈ.எஸ். ஓரளவு தாங்கும். மழைநீரிலோ வடிகட்டிய நீரிலோ செய்தால்தான் அந்த மாற்றம் சரிவரும், அந்தத் தண்ணீருக்கான செலவையும் கணக்கில் போடுங்கள். லேப்சா ஓர் அமிலம், அதை முறிக்கக் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் கோஸ்டிக் சோடாவும் வேண்டும் (ஒரு காலத்தில் ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தனில் அதைச் செய்தோம், இன்று அதற்கும் டொலர்தான்). கைகளுக்கும் லேப்சா கடுமை, முழுவதும் மாற்றிவிடாதீர்கள். விலை ஏறுமுன்பே லேப்சா கூட்டிய இரண்டாவது கலவையை ஒரு வாளியில் செய்து, உங்கள் தண்ணீரிலேயே இரண்டு கிழமை வைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது அந்தத் தொகுதிக்கான பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே லொறியில் எடுத்தால் கூலி குறையும். கடைக்காரருக்குக் கொடுக்கும் விலைச்சீட்டில் "14 நாளுக்கு மட்டும்" என்று எழுதுங்கள், அவர்கள் கோபிக்க மாட்டார்கள், அரிசி விலை அவர்களுக்கும் அப்படித்தான் வருகிறது.