சிடிஎன் கம்பெனிக்கு விசிட் போகிறீர்களா? சர்வரைத் தேடாதீர்கள்

பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் நகரில், எம்ஐடிக்குப் பக்கத்திலேயே அகாமாய் தலைமையகம் இருக்கிறது. இணையத்தில் நாம் பார்க்கும் படம், வீடியோ எல்லாவற்றையும் நமக்கு அருகிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சிடிஎன் தொழிலில் மூத்த கம்பெனி. அங்கே விசிட் போகும் மாணவர்களில் பாதிப் பேர் அடுக்கடுக்காக சர்வர் இரைவதைப் பார்க்கும் ஆசையில்தான் கிளம்புகிறார்கள். இருக்காது. சர்வர்கள் ஊர் ஊராக, இணைய இணைப்பு தருபவர்களின் கட்டடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. அப்படிச் சிதறிக் கிடப்பதுதான் தொழிலே.

ஏன் சிதற வேண்டும் என்ற கணக்கைப் போட்டுப் பார்க்காமல் போய்விடாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். பாஸ்டனுக்கும் சென்னைக்கும் குறுக்குத் தூரமே ஏறக்குறைய 13,000 கி.மீ. போய்த் திரும்ப 130 மில்லிசெகண்ட். கடலடிக் கேபிள் சுற்றிக்கொண்டு போவதால் நிஜத்தில் இன்னும் கூடும். முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் பாதுகாப்பான தளம் என்றால் முதல் எழுத்து வருவதற்குள் வழக்கமாக இப்படி மூன்று நடை போய் வரவேண்டும். எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கினாலும் இந்தத் தாமதம் குறையாது.

முதல் நாள் ராத்திரி செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. உலாவியில் எஃப்12 தட்டி, நெட்வொர்க் பக்கத்தில் ஒரு படத்தைச் சொடுக்கி, ஹெடர்களை, அதாவது பதிலோடு சேர்ந்து வரும் குறிப்பு வரிகளைப் படியுங்கள். 'ஏஜ்: 5400' என்று இருந்தால் அந்த நகல் ஒன்றரை மணி நேரமாக கேஷில் (நகல்களை வைத்திருக்கும் சேமிப்பில்) இருக்கிறது என்று பொருள். இதைப் பார்த்துவிட்டுப் போகிறவர் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி என்றதும், "உங்க ஹிட் ரேஷியோ எவ்வளவு சார்?" என்று, அதாவது நூற்றுக்கு எத்தனை கோரிக்கைக்கு கேஷிலிருந்தே பதில் போகிறது என்று கேட்டு, 95 சதவீதம் என்றதும் தலையாட்டி உட்கார்ந்துவிடுவார்கள். அது 90 ஆனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வெறும் 5 புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் தளத்தின் சொந்தக்காரர் வைத்திருக்கும் மூல சர்வருக்குப் போகும் கோரிக்கை நூற்றுக்கு 5 ஆக இருந்தது 10 ஆகிவிட்டது. சுமை இரட்டிப்பு! என்னைக் கேட்டால், இந்த ஒரு கேள்விக்காகவே பஸ் ஏறலாம்.

நிறுவனர்களைப் பற்றி ஒன்றும் படிக்காமல் போவது சங்கடத்தில் முடியும். 1998இல் தொடங்கியவர்களில் டாம் லெய்ட்டன் எம்ஐடி கணிதப் பேராசிரியர். டேனி லெவின் அவருடைய மாணவர். கோரிக்கைகளை சர்வர்களுக்குப் பங்கிடும் 'கன்சிஸ்டன்ட் ஹாஷிங்' கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. லெவின் 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானத்தில் இறந்துபோனார், வயது 31. "அவர் இப்போ எங்கே இருக்கார்?" என்று அந்தக் கட்டடத்துக்குள் கேட்டுவைக்காதீர்கள்.

கண்காணிப்பு அறையில் செல்ஃபி வேண்டாம். பின்னால் இருக்கும் திரையில் வாடிக்கையாளர் பெயர் ஓடிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, நம்மவர்களுக்கே உள்ள தொல்லை. வருகைப் பட்டியலில் 'எஸ். கார்த்திக்' என்று கொடுத்துவிட்டு, அப்பா பெயர் முழுசாக உள்ள பாஸ்போர்ட்டை நீட்டினால் வரவேற்பிலேயே நிற்கவேண்டி வரலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதி அனுப்புங்கள்.