கடுகை அதன் உறவுச் செடிகளோடு கலப்பது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு இனத்தோடு கலந்ததும் முதல் தலைமுறையிலேயே விளைச்சல் கொட்டும் என்று நினைக்காதீர்கள். கிடைப்பது பெரும்பாலும் அரைமலட்டுச் செடிதான், காயில் விதை சரியாகப் பிடிக்காது. அப்படியிருந்தும் ஏன் செய்கிறார்கள் என்றால், அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சியையும் வெள்ளைத் துரு நோயையும் தாங்கும் குணம் பயிர்க் கடுகில் அரிது, உறவுச் செடிகளில் இருக்கிறது. அதனால் எந்தக் குணம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 'விளைச்சல் கூட வேண்டும்' என்று பொதுவாக ஆரம்பித்தால் எதைப் பார்த்துச் செடி பொறுக்குவது?

உறவு முறை தெரியாமல் இறங்க வேண்டாம். நாம் இங்கே கடுகு என்பது வட இந்தியாவில் எண்ணெய்க்காக விளையும் பிராசிக்கா ஜன்சியா, அதில் 36 குரோமோசோம்கள். இது ராபா (20), நைக்ரா (16) என்ற இரண்டு பிராசிக்கா இனங்கள் சேர்ந்து உருவானது என்பதை ஊ நாகஹாரு என்ற தாவரவியல் அறிஞர் 1935-இல் வரைபடம் போட்டு விளக்கினார், அதைத்தான் இன்றும் 'ஊ முக்கோணம்' என்கிறோம். புதியவர்கள் ராபா, நேப்பஸ், கேரினேட்டா என்ற பிராசிக்கா இனங்களோடு ஆரம்பிப்பது நல்லது. கடுகுக்கும் இவற்றுக்கும் ஒரு மரபணுத் தொகுதியாவது (ஒரு முழுக் குரோமோசோம் கூட்டமாவது) பொதுவாக இருப்பதால் கலப்பு ஓரளவு சுலபம்.

அடுத்து பூக்கும் காலம். ராபாவில் தோரியா வகை சீக்கிரம் பூத்து முடிந்துவிடும், கேரினேட்டா ரொம்ப தாமதம், எனவே கேரினேட்டாவை முன்னாடியும் தோரியாவைப் பின்னாடியும் விதைத்து, இரண்டையும் சில தவணைகளாகப் போட்டால்தான் கடுகு பூக்கும்போது மகரந்தம் கையில் இருக்கும்.

இனி கை வேலை. கடுகையே தாயாக வையுங்கள். நல்ல கொத்து ஒன்றில் திறந்த பூக்களையும் ரொம்பச் சின்ன மொட்டுகளையும் கிள்ளிவிட்டு, மறுநாள் மலரக்கூடிய நாலைந்து பெரிய மொட்டுகளை மட்டும் விடுங்கள். மாலையில் மெல்லிய இடுக்கியால் இதழை விலக்கி ஆறு மகரந்தத் தாள்களையும் எடுங்கள். நாலு நீளம், இரண்டு குட்டை, அந்தக் குட்டை இரண்டைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவோம், ஒன்று தப்பினாலும் தன் மகரந்தமே விழுந்து எல்லாம் வீண். மகரந்தப் பை ஏற்கெனவே வெடித்திருந்தால் அந்த மொட்டை யோசிக்காமல் எறிந்துவிடலாம். பட்டர் பேப்பர் உறை போட்டு மூடுங்கள், தேனீ சும்மா விடாது. மறுநாள் காலையில் தந்தைச் செடியின் புதுப் பூவை எடுத்து, அதன் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, திரும்ப மூடி, பெற்றோர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைக் கட்டுங்கள். செடி மாறும்போது இடுக்கியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைக்க வேண்டும்.

காட்டு இனங்கள் என்றால் காய் பிடித்தாலும் உள்ளே கரு செத்துவிடும். பத்து நாள் வாக்கில் இளங்காயைப் பறித்து ஆய்வகத்தில் வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்க வேண்டியிருக்கும். அதுவும் போதாதபோது பாலம் போட வேண்டும். அசுவினியைத் தாங்கும் பிராசிக்கா புருட்டிகுலோசாவை லூதியானா பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தில் முதலில் ராபாவோடு கலந்து, குரோமோசோமை இரட்டித்து, அந்தச் செடியைக் கடுகோடு சேர்த்தார்கள். இரட்டிப்பதற்குக் கோல்சிசின் பயன்படும். அது விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

விதை முளைத்ததும் அது நிஜமான கலப்புதானா என்று பாருங்கள். இலை பெற்றோர் இரண்டுக்கும் நடுவாந்தரமாக இருந்தால் நம்பிக்கை, ஆனால் குரோமோசோம் எண்ணிக்கைதான் ஆதாரம்: கடுகும் நேப்பஸும் சேர்ந்தால் 37, கடுகும் ராபாவும் என்றால் 28. இந்தச் செடியின் மகரந்தம் பெரும்பாலும் உதவாது, எனவே இதையே தாயாக வைத்து நல்ல கடுகு ரகத்தின் மகரந்தத்தைக் கொடுங்கள். தலைமுறைக்குத் தலைமுறை அந்த ரகத்தோடே பிற்கலப்பு செய்து, ஒவ்வொரு முறையும் நோயை அல்லது அசுவினியை வேண்டுமென்றே ஏவிவிட்டு, தாங்கிய செடிகளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பொறுமை தீரும் இடம் இதுதான்.

காட்டு இனம் தாயாக இருந்து அதன் சைட்டோபிளாசம் (செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) கடுகுக்குள் வந்தால் மகரந்தம் தராத ஆண்மலட்டுச் செடிகள் வரலாம். அவற்றைக் களையென்று பிடுங்கிவிடாதீர்கள்! மொரிகாண்டியா என்ற காட்டு உறவுச் செடியிலிருந்து வந்த அந்தக் குணத்தை வைத்துத்தான் ராஜஸ்தானின் பரத்பூர் மையம் என்ஆர்சிஹெச்பி 506 என்ற வீரிய ஒட்டு ரகத்தைக் கொண்டுவந்தது. தாய் வரிசையில் மகரந்தம் இல்லாததால் பூப்பூவாகத் தாள் பிடுங்கும் வேலையே இல்லை. ஆனால் விவசாயி வயலில் விதை பிடிக்க வேண்டுமே, அதற்கு மகரந்தத்தைத் திரும்ப உண்டாக்கும் 'வளம் மீட்கும்' மரபணுவும் தந்தை வரிசையில் இருக்க வேண்டும், அதையும் மொரிகாண்டியாவிலிருந்தே எடுத்தார்கள்.

குணம் நிலைபெற்ற பிறகுதான் விளைச்சல் ஒப்பீடு. பக்கத்திலேயே பிற்கலப்புக்கு எடுத்த ரகத்தையும் விதைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்களில் எடை போட்டுப் பாருங்கள். அதுவரை விதையைச் செடிவாரியாகத் தனித்தனிக் கவரில் வையுங்கள், கலந்து கொட்டிவிட்டால் எது எதன் வாரிசு என்று பிரிக்கவே முடியாது.