அம்பிளிபயரின் உண்மையான வாற்று

திருகோணமலையில் கோயில் திருவிழாக்களுக்குப் போய்வரும் ஸ்ரீரியோ அம்பிளிபயர். முகப்பில் 600 வாற்று என்றிருந்தது. சத்தத்தைக் கூட்டினால் கரகரத்தது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக, சனலுக்கு ஒன்றாக ஹீற்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டில்) பூட்டிய 8 ஓம், 100 வாற்று தடையிகளை இணைத்தேன். கடற்காற்றில் களிம்பேறிய ரெர்மினல்களை முதலில் சுரண்ட வேண்டும். அங்கே அரை ஓம் கூடினாலே கணக்குப் பிழைக்கும்.

உள்ளீட்டுக்கு ஃபோனிலிருந்து 400 ஹேர்ட்ஸ் சைன் அலை கொடுத்தேன். அதற்கு மேலே போனால் மலிவான மல்ரிமீற்றர்கள் பல ஏசி வோல்ற்றைச் சரியாகக் காட்டாது. ஒஸிலோஸ்கோப்பில் (அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) அலையின் உச்சி தட்டையாகத் தொடங்கியதும் சற்றுக் குறைத்து மல்ரிமீற்றரில் அளந்தேன்: 18 வோல்ற்று. வோல்ற்றின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் வாற்று: 18×18÷8, சனலுக்கு சுமார் 40 வாற்றுதான். அந்தச் சுமையிலேயே உள்ளே டிசி லைனில் 100 ஹேர்ட்ஸ் சிற்றலை, அதாவது டிசி வோல்ற்றின் ஏற்ற இறக்கம், 8 வோல்ற்று நின்றது. அதைச் சமன்செய்யும் பில்ரர் கப்பாசிற்றர்கள் வற்றிவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

பழையவற்றைக் கழற்றுமுன் 1 கிலோஓம், 5 வாற்று தடையியை ஒரு நிமிடம் அவற்றின் இரு முனைகளுக்குக் குறுக்கே பிடித்து மின்னேற்றத்தை இறக்குங்கள். 10,000 மைக்ரோபரட், 63 வோல்ற்று கப்பாசிற்றர் இரண்டு போட்டதும் வெளியீட்டில் 24 வோல்ற்று வந்தது, சனலுக்கு 72 வாற்று.

இரண்டு சனலையும் ஒன்றாக ஓட்டி அளப்பதே நேர்மை. மெயின்ஸ் வோல்ற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: 230 இலிருந்து 207 க்கு இறங்கினால் வாற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். பிரிட்ஜ் வகை அம்பிளிபயரில் (ஸ்பீக்கரின் இரு முனைகளில் எதுவும் கிரவுண்ட் அல்லாதது) ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை வெளியீட்டில் மாட்டவே வேண்டாம், வெளியீட்டு ட்ரான்சிஸ்டர்கள் போய்விடும்.