அரசு வக்கீல் சம்பளத்த நியாயமா எப்படி ஃபிக்ஸ் பண்றது
பெரிய கம்பெனிக்கு ஆஜராகுற சீனியரோட ஃபீஸ எடுத்து கம்பேர் பண்ணாதீங்க, அதே அனுபவம் உள்ள சாதாரண வக்கீல் ஆபீஸ் வாடகை, ஜூனியர் சம்பளம் எல்லாம் போக என்ன சம்பாதிக்கிறார்னு பாருங்க, அரசு வக்கீல் பக்கம் பென்ஷன், லீவையும் சேர்த்துக்கணும். ராத்திரி உக்காந்து சாட்சி வாக்குமூலம் படிக்கிறதும் வேலைதான், அதையும் கணக்குல எடுங்க.

ஹியரிங்குக்கு இவ்ளோன்னு குடுத்தா வாய்தா மேல வாய்தா போகும், கேஸுக்கு மொத்தமா குடுத்தா அவசரமா முடிக்கத் தோணும், அதனால மாசச் சம்பளம்தான் சரின்னு நான் நினைக்கிறேன். குற்றத்த நிரூபிக்க வர்ற அரசு வக்கீலுக்கும், வசதியில்லாதவங்களுக்காக அரசு செலவுல வாதாடுறவருக்கும் ஒரே ஸ்கேல் வைங்க, இதுல மட்டும் விட்டுக் குடுக்கவே கூடாது. அனுபவம் வந்த பிறகு ஆளுங்க கிளம்புறாங்கன்னா நடு ஸ்கேல ஏத்துங்க, ஆரம்பச் சம்பளத்த மட்டும் ஏத்திப் பிரயோஜனம் இல்ல.