கணவாயின் இரு பக்க வெளிச்சம்: பிலிம் எஸ்.எல்.ஆர். கேமராவை இயக்கும் முறை

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்குப் பேருந்தில் செல்பவர்கள் ஒரு மணி நேரத்திற்குள் இரண்டு வகை வெளிச்சத்தைக் கடந்துவிடுகிறார்கள். மலைக்குக் கிழக்கே வயலின் மீதும் வரப்பின் மீதும் மறைப்பின்றி விழும் வெயில் இருக்கிறது. கணவாயில் உள்ள கோட்டைவாசலைத் தாண்டி மேற்கே இறங்கியதும், அதே வெயில் மரக்கிளைகளில் வடிகட்டப்பட்டுத் தரையை அடையும்போது பச்சை கலந்த மங்கலாகிவிடுகிறது. நம் கண் அந்த மாற்றத்துக்கு உடனே பழகிவிடுவதால் நாம் அதைப் பெரிதாக உணர்வதில்லை; பிலிமுக்கு அந்தத் திறன் இல்லை. ஆகவே பிலிம் கேமராவைக் கற்க விரும்புபவர் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே வெளிச்சத்தை அளந்து பார்க்கும் பழக்கத்தைத்தான் முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டும். என் அண்ணன் மகள், அவளுடைய தாத்தாவின் பென்டாக்ஸ் கே1000 கேமராவை அலமாரியிலிருந்து எடுத்துவந்து, "சித்தப்பா, இதுல ஒரு ரோல் எடுக்கக் கத்துக்குடுங்க" என்று கேட்டபோது அவளுக்குச் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

கற்பதற்கு, பேட்டரி இல்லாமலேயே ஷட்டர், அதாவது பிலிமின் மீது ஒளி படும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் திரை, எல்லா வேகங்களிலும் இயங்கும் மெக்கானிக்கல் கேமராதான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட கே1000, நிக்கானின் எஃப்எம்2, எஃப்எம்10 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை; இவற்றில் பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டுமே தேவைப்படுகிறது. பழைய கேமராவை வாங்குபவர் முதலில் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே சிலந்தி நூல் போன்ற பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாரல் காற்று வீசும் நம் பகுதியில் லென்ஸுக்கு வரும் முதல் நோய் அதுதான். அடுத்து, பேட்டரி வைக்கும் இடத்தில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா, பின்கதவின் ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் கறுப்புப் பஞ்சு பிசுபிசுப்பாகிவிட்டதா என்று பார்த்து, ஷட்டரை 1 நொடியில் வைத்து அழுத்தி, அது இடையில் திணறாமல் முழுமையாகத் திறந்து மூடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பஞ்சை மாற்றுவது எளிது. பூஞ்சை ஆழமாகப் படர்ந்த லென்ஸை வாங்காமல் இருப்பதே நல்லது.

உள்ளே நடப்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். லென்ஸ் வழியாக வரும் ஒளி, 45 பாகைச் சாய்வில் நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே சென்று, பட்டகத்தில் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. எனவே நாம் பார்ப்பது பிலிம் பார்க்கப்போகும் அதே காட்சி. எஸ்.எல்.ஆர். (சிங்கிள் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ்) என்ற பெயர் இந்த அமைப்பைத்தான் குறிக்கிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழுகிறது, முதல் திரை விலகிப் பிலிமை ஒளிக்குக் காட்டுகிறது, இரண்டாவது திரை அதன் பின்னாலேயே வந்து மூடுகிறது. படம் பதிவாகும் கணத்தில், நாம் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருண்டுவிடுவதற்கு இதுவே காரணம். அந்தத் திரைகள் மிக மெல்லியவை; பின்கதவு திறந்திருக்கும்போது விரலால் தொடக் கூடாது.

பிலிமைப் பொருத்தும் வேலையை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் முதல் ரோல் பெரும்பாலும் இங்கேதான் வீணாகிறது. நிழலில் நின்றுகொண்டு, இடப்புறம் உள்ள ரிவைண்ட் குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறக்கும். ரோலை இடப்புறக் குழியில் வைத்துக் குமிழைக் கீழே அழுத்தி, வெளியே நீண்டிருக்கும் பிலிமின் நாக்கை இழுத்து வலப்புறச் சுருளின் பிளவில் செருகுங்கள். பிறகு பிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாக நகர்த்தி, பிலிமின் இரு ஓரத்துத் துளைகளிலும் பற்கள் பொருந்தியிருப்பதையும், பிலிம் சுருளில் இறுக்கமாகச் சுற்றிக்கொள்வதையும் கண்ணால் பார்த்த பிறகே கதவை மூட வேண்டும். மூடியதும் ரிவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில், சிறிய எதிர்ப்பு தெரியும் வரை மட்டும் திருப்பித் தொய்வை எடுங்கள். இப்போது லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாகவே எதிர்த்திசையில் சுழன்றால், பிலிம் நகர்கிறது என்று பொருள். எண்காட்டி 1-க்கு வரும் வரை லீவரை இழுத்துப் பொத்தானை வெறுமனே அழுத்திவிடுங்கள். அந்தத் தொடக்கப் பகுதி ஏற்கெனவே ஒளிபட்டது.

இதை நான் அறியாமல் அத்தை மகன் திருமணத்துக்கு இந்தக் கேமராவை எடுத்துச் சென்றேன். எண்காட்டி 36-ஐத் தாண்டியும் லீவர் நகர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு அது மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. ரோலைக் கழுவக் கொடுத்த ஸ்டுடியோவில் இருந்த அண்ணன், ஒரு படமும் இல்லாத நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டு, "லீவரை இழுக்கும்போது இந்தக் குமிழ் சுத்துச்சா, பாத்தியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பிலிமின் நாக்கு சுருளில் மாட்டவேயில்லை. எண்காட்டி லீவரின் அசைவைத்தான் எண்ணுகிறது, பிலிமின் அசைவை அன்று. அன்று முதல் ஒவ்வொரு படத்துக்கும் என் கண் அந்தக் குமிழின் மேல் போய் வருகிறது. நீங்களும் அப்படிப் பழகிக்கொள்ள வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ரோலைப் போட்ட கையோடு, பிலிம் ஒளியை எவ்வளவு உணரும் என்பதைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைக் கேமராவில் வைக்க வேண்டும். கே1000 கேமராவில் ஷட்டர் வேகச் சக்கரத்தின் வெளிவளையத்தைத் தூக்கித் திருப்பினால் சிறு சாளரத்தில் எண் மாறும். பழைய வழக்கப்படி அதில் ஏஎஸ்ஏ என்று எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றே. ஒரு காலத்தில் உதகையில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' கருப்பு வெள்ளைப் பிலிம் நம் ஊர்களில் கிடைத்தது. இன்று கோடக், இல்ஃபோர்டு போன்ற வெளிநாட்டு ரோல்களையே வாங்க வேண்டியிருக்கிறது. மலையின் இரு பக்கத்துக்கும் ஒரே ரோல் போதும் என்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 400 பிலிமைப் பரிந்துரைக்கிறேன்.

இனி வெளிச்சத்தின் கணக்கு. லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவை மாற்றும் அபர்ச்சர் வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்ற எண்கள் உள்ளன. எண் கூடினால் துளை சிறுக்கிறது. ஒவ்வொரு படியிலும் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது. ஷட்டர் சக்கரத்திலும் அப்படியே, 1/125 நொடியிலிருந்து 1/250 நொடிக்குப் போனால் ஒளி பாதி. இந்தப் பாதி அல்லது இரட்டிப்பைத்தான் 'ஒரு ஸ்டாப்' என்கிறோம். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கும் வயலில், நிழல் கூர்மையாக விழும் வெயிலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அபர்ச்சரை 16-இல் வைத்து, பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருக்கமான ஷட்டர் வேகத்தை, அதாவது 400-க்கு 1/500 நொடியை வைத்தால், மீட்டரே இல்லாமல் படம் சரியாக வரும். அதே நாளில் ஆரியங்காவைத் தாண்டி அடர்ந்த மர நிழலில் நின்றால் அபர்ச்சர் 4, ஷட்டர் 1/125 நொடி என்ற அளவு வேண்டியிருக்கலாம். துளையில் நான்கு ஸ்டாப், நேரத்தில் இரண்டு, ஆக ஆறு ஸ்டாப். அதாவது ஒளி 64-இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருந்த நமக்கு அது தெரிந்திருக்காது.

ஒரே அளவு ஒளியைப் பல வழிகளில் பிலிமுக்குக் கொடுக்கலாம் என்பதை உணர்த்துவதற்கு, ஆரியங்காவு அருகேயுள்ள பாலருவியைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை. மேலே சொன்ன 4, 1/125 என்ற அளவை அங்கே மீட்டர் காட்டுகிறது என்றால், 2, 1/500 என்பதும், 16, 1/8 என்பதும் அதே ஒளிதான். ஆனால் படங்கள் மூன்றும் வேறு வேறு. 1/500 நொடியில் தண்ணீர் துளித்துளியாக உறைந்து நிற்கும், பின்னாலுள்ள பாறை சற்றுக் கலங்கும். 1/8 நொடியில் அருவி பால்போல வழியும், அருகிலுள்ள பாறையும் தொலைவிலுள்ள மரமும் ஒருங்கே தெளிவாக இருக்கும். 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது 1/60 நொடிக்குக் கீழே போகாதீர்கள். 1/8 நொடிக்கு முக்காலி வேண்டும், இல்லையேல் கேமராவைப் பாறைமேல் ஒரு துண்டை மடித்துவைத்து அதன்மீது நிறுத்திக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்து வரம்பும் ஒன்று உண்டு. கே1000 கேமராவின் உச்ச வேகம் 1/1000 நொடிதான் என்பதால், கிழக்கு வெயிலில் ஐஎஸ்ஓ 400 பிலிமுடன் அபர்ச்சரை 11-ஐவிட அகலமாகத் திறக்க இயலாது. பூவை மட்டும் தெளிவாக வைத்துப் பின்புலத்தைக் கலங்கவைக்க விரும்புபவர் ஐஎஸ்ஓ 100 ரோலுடன் அங்கே செல்ல வேண்டும்.

வ்யூஃபைண்டரில் தெரியும் மீட்டர் முள் நடுவில் நின்றால் சரி என்று கேமராவுடன் வரும் கையேடு சொல்லும். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் வெள்ளைச் சுவரின் முன் அமர்ந்திருந்தால், முள்ளை நடுவில் வைத்து எடுத்த படத்தில் வேட்டியும் சுவரும் அழுக்கேறியதுபோல இருக்கும். அங்கே ஒரு ஸ்டாப்போ ஒன்றரையோ கூடுதலாகக் கொடுக்க வேண்டும். வானம் பாதிச் சட்டத்தை அடைத்திருந்தால் மலையும் மனிதரும் கறுத்துப்போவார்கள். கேமராவைக் கீழே சாய்த்துப் புல்தரையை அளந்து, அந்த அளவை மாற்றாமல் மீண்டும் நிமிர்த்தி எடுங்கள். ஐயம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டியே கொடுங்கள், ஏனெனில் நெகட்டிவ் பிலிம் மிகுதியைத் தாங்கும் அளவுக்குக் குறைவைத் தாங்காது.

ஃபோகஸ் செய்வதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கே1000 கேமராவின் நடு வட்டத்தில் சிறு மணிகளாக நடுங்கும் காட்சி, சரியான தொலைவில் நடுக்கமின்றித் தெளியும். வேறு பல கேமராக்களில் இரண்டாகப் பிளந்து தெரியும் கோடு ஒன்றாகச் சேரும். முகத்தை எடுக்கும்போது கண்ணின் மேல் ஃபோகஸ் செய்யுங்கள். காட்சி முழுவதும் தெளிவாக வேண்டுமென்றால், எடுத்துக்காட்டாக, 1904-இல் ரயில் போக்குவரத்து தொடங்கிய செங்கோட்டை–கொல்லம் பாதையில் கழுதுருட்டியருகே உள்ள பதிமூன்று கண் பாலமும், அதன் முன் சாலையோரம் நிற்கும் நண்பரும் ஒருசேரத் தெரிய வேண்டுமென்றால், 50 மி.மீ. லென்ஸை அபர்ச்சர் 16-இலும் தொலைவு வளையத்தை 5 மீட்டரிலும் வைத்தால், ஏறத்தாழ இரண்டரை மீட்டருக்கு அப்பால் உள்ள யாவும் தெளிவாக அமையும்.

முதல் ரோலின் 36 படங்களையும் பயிற்சிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். விலை கூடிய ரோலை இப்படிச் செலவிட மனம் தயங்கும், ஆனாலும் பின்வரும் ரோல்களை அது காப்பாற்றும். ஒரு சிறு நோட்டில் படத்தின் எண், இடம், வெளிச்சம், அபர்ச்சர், ஷட்டர் ஆகியவற்றை எடுத்தவுடனேயே எழுதுங்கள், மாலையில் நினைவிலிருந்து எழுதினால் பயனில்லை. ஒவ்வொரு இடத்திலும் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஊகத்தை எழுதிவிட்டு, பிறகு முள்ளைப் பாருங்கள். கே1000 கேமராவில் மீட்டருக்குத் தனி ஸ்விட்ச் இல்லை; ஆகவே எடுத்து முடித்ததும் லென்ஸ் மூடியைப் போட்டால்தான் பேட்டரி நீடிக்கும்.

ரோல் முடிந்ததும் லீவர் பாதியில் நின்றுவிடும். அதை வலிந்து இழுத்தால் பிலிமின் துளைகள் கிழியும். கேமராவின் அடியிலுள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, ரிவைண்ட் கைப்பிடியை விரித்து அம்புக்குறியின் திசையில் சீராகச் சுற்றுங்கள். இறுக்கம் சட்டென்று தளர்ந்து கைப்பிடி இலகுவாகச் சுழலும்போதுதான் பிலிம் முழுவதும் ரோலுக்குள் சென்றிருக்கும். அதுவரை பின்கதவைத் திறக்கக் கூடாது. எடுத்த ரோலைப் பூட்டிய காரில் வெயிலில் விட்டுவைக்காதீர்கள்; நாள் கடத்தாமல் கழுவக் கொடுங்கள். சாரல் காலத்தில் காட்டுக்குள் சென்று வந்த கேமராவை நனைந்த தோல்பைக்குள் வைத்து மூடாமல், துடைத்துக் காற்றாடவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள்.

லேபில் கழுவக் கொடுக்கும்போது ஸ்கேனுடன் நெகட்டிவையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் ஸ்கேன் செய்பவர் வெளிச்சத்தைத் திருத்திவிடுவதால் உங்கள் பிழை அதில் மறைந்துபோகும். நெகட்டிவைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நோட்டுடன் ஒப்பிடுங்கள். மெலிந்து, நிழல் பகுதிகளில் ஒன்றுமேயில்லாத படத்துக்கு ஒளி போதவில்லை. அடர்ந்து கறுத்த படத்துக்கு ஒளி மிகுதி. ஓரத்தில் எண்களும் எழுத்துகளும் தெரிந்து நடுவில் படமே இல்லையென்றால், பிலிம் நகரவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓரத்து எழுத்துகளும் இல்லையென்றால் கழுவியதில் பிழை. தொடக்கம் முதல் முடிவு வரை கறுத்திருந்தால் பிலிமின் மீது எங்கோ வெளிச்சம் பட்டுவிட்டது. பின்கதவின் பஞ்சை மீண்டும் பாருங்கள். கண்டறிந்த ஒவ்வொன்றையும் அந்தந்தப் படத்தின் எண்ணுக்கு எதிரே எழுதிவிட்டு, இரண்டாவது ரோலையும் அதே வகையிலேயே வாங்கி, அதே சாலையில் அதே இடங்களில் மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.