முதல் கத்தி உறை: தோலும் எருமைக் கொம்பும்

மலையேறப் போகும்போது இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கத்திக்கு ஓர் உறை செய்வோம். யாரிடமும் படிக்காமல் தோல் வேலையைத் தொடங்க இதுதான் சரியான பொருள். ஒரு மடிப்பு, ஒரு நீளத் தையல், அவ்வளவுதான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வீடியோக்களில் கத்தி நழுவாமல் வாரை மாட்ட மான்கொம்புப் பொத்தான் வைப்பார்கள். நம் ஊரில் அதைத் தொடவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்பை எடுத்து வைத்திருப்பதும் குற்றம். எருமைக் கொம்பே போதும். இழைத்தால் கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னும்.

தோல்: மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல், 2.5 மி.மீ. தடிமன். கடையில் ‘வெஜ் டான்’ என்று கேளுங்கள். சென்னையில் பெரியமேட்டுக் கடைகளில் துண்டுகளாகவே கிடைக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சிக் கறுக்க வேண்டும். வெட்டிய ஓரத்தின் நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் அது குரோம் உப்பில் பதனிட்ட தோல், வேண்டாம். மெத்தென்று இருக்கும், வடிவம் நிற்காது.

வெட்டுதல்: காகிதத்தை மடித்து, கத்தியின் முதுகு மடிப்பை ஒட்டும்படி வையுங்கள். கூர்ப்பக்கம் 1.5 செ.மீ. விட்டுக் கோடு போடுங்கள். கத்தரித்த காகிதத்துக்குள் கத்தியைச் செருகிப் பார்த்துவிட்டு அப்புறம் தோலில் கை வையுங்கள்.

இடுப்பு வார் நுழையும் வளையத்தையும், பிடியைச் சுற்றிவரும் 12 மி.மீ. வாரையும் தோலை மடிப்பதற்கு முன்பே தைத்துவிட வேண்டும். மடித்து ஒட்டிய பிறகு உள்ளே ஊசி போகாது.

நடுப் பட்டை: கத்தியின் கூர்ப்பக்கத்தில், இரண்டு தோலுக்கும் நடுவே 1 செ.மீ. அகலத்தில் ஒரு தோல் பட்டையை வைத்து ஒட்டுங்கள். என் முதல் உறையில் இதை விட்டுவிட்டேன். இரண்டாவது பயணத்திலேயே கத்தி நூலை அறுத்துவிட்டது. இந்தப் பட்டை இருந்தால் கத்தியின் கூர் நூலைத் தொடாது.

தையல்: இதற்கு மட்டும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளிக் கோடு கிழித்து, 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி. மூன்று அடுக்குத் தோலைக் குத்தூசியால் நேராகத் துளைப்பது புதியவருக்குக் கஷ்டம். 1.5 மி.மீ. டிரில் பிட் போட்டுவிடுங்கள்.

தையல் நீளத்தைப் போல எட்டு மடங்கு நூல், இரு முனையிலும் ஊசி. நூலைத் தேன்மெழுகில் இரண்டு முறை இழுங்கள். முதல் துளையில் நூலைச் சரிபாதியாக நிறுத்துங்கள். அடுத்த துளையில் இடது ஊசி முதலில், அதே துளையில் வலது ஊசி எதிர்ப்பக்கமாக. இரண்டு கையையும் ஒரே நேரத்தில் விரித்து இழுங்கள். மெழுகு ‘சர்ர்’ரென்று தோலில் உரசும் சத்தம் கேட்கும். இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திவிடாமல் பாருங்கள், குத்தினால் இறுகாது. இந்த வரிசையைக் கடைசித் துளை வரை மாற்றவே மாற்றாதீர்கள். ஒரு பக்கம் நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் தாங்கும். மெஷின் தையலில் அது நடக்காது. முடிவில் மூன்று துளை பின்னோக்கித் தைத்து வெட்டுங்கள்.

வடிவம்: உறையைத் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியைச் செருகி, விரலால் அழுத்தி அழுத்தி அதன் உருவத்தைக் கொண்டுவாருங்கள். நிழலில் ஒரு நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்.

பொத்தான்: இறைச்சிக் கடையில் எருமைக் கொம்பு கேட்டு வாங்குங்கள். அடிப்பகுதி உள்ளே பொள்ளல், நுனி மட்டும் கெட்டி. அந்த நுனியில் 3 செ.மீ. அறுத்து, நடுவில் துளை போட்டு, 120, 400, 1000 எண் உப்புத்தாளில் வரிசையாகத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தேய்க்கும்போது மயிர் கருகும் வாசம் வரும். தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். மெல்லிய தோல் கயிற்றால் அதை வளையத்தின் ஓரத்தில் கட்டுங்கள். பிடியைச் சுற்றிவரும் வாரின் நுனியில் கீறல் போட்டால் பொத்தான் அதில் மாட்டிக்கொள்ளும்.

வீடு திரும்பியதும் கத்தியை வெளியே எடுத்துத் துடைத்துத் தனியாக வையுங்கள். தோலில் ஈரம் தங்கும், இரும்பு துருப்பிடித்துவிடும்.